மூலைக்கொரு நாற்காலி

வண்டியிலிருந்து நாற்காலிகள் இறங்கிய அன்று தையல்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான்கு நாற்காலிகள், நல்ல தேக்கு. சாய்ந்து உட்காரத் தோதாகப் பின்னுக்குச் சரிந்த முதுகு, மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய இடைவெளி விட்டுப் பூட்டிய பட்டைகள், ஒரு கோப்பையையும் ஒரு தட்டையும் தாராளமாக வைக்கும் அளவுக்கு அகலமான கைகள். எண்ணெய் தேய்த்த மரத்தின் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. தோட்டத்தில் போட்டு உட்கார இப்படி ஒரு செட் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்து, அவள் கேட்பதையே விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

வாங்கி வந்தவர் அவள் புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தெருவில் அவரைக் கிரேன்காரர் என்பார்கள். ஊரார் வீட்டுத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைப்பதால் அவள் தையல்காரம்மா. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். கிரேன்காரர் அதுவரை வீட்டுக்கென்று ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியிலும் உட்காருவார், வெறும் படியிலும் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் தானே போய், தானே பொறுக்கி, ஒன்றுக்கு நாலாக வாங்கி வருகிறார் என்றால் அன்றைக்கே அவளுக்குச் சுருக்கென்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடி, நாற்காலிக்கு நாற்காலி குனிந்து நிமிர்ந்து மெத்தைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் பின்னாடி கல்லு பதிச்ச இடத்துல வட்டமாப் போட்டுடலாங்க. நடுவுல ஒரு சின்ன மேசை. சாயங்காலம் டீ குடிக்க எவ்வளவு நல்லா இருக்கும்!"

"அங்க வேணாம்" என்றார் கிரேன்காரர்.

"பின்ன?"

"நான் சொல்ற எடத்துல இருக்கட்டும்."

அவர்கள் வீடு ஒரு சரிவின் மேல் இருந்தது. கீழே தெருவை ஒட்டிக் கேட். அங்கிருந்து தோட்டத்தின் நடுவே ஒரு பாதை ஏறி, தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் ஒரு வளைவு வளைந்து, வாசல் படிக்கு வந்து சேரும். வண்டிக்காரர்களை விட்டு அவர் ஒரு நாற்காலியைக் கேட்டுக்கு உள்பக்கமாகப் போடச் சொன்னார். இன்னொன்றைக் குழாயடி வளைவில். மூன்றாவதை வாசல் படிக்குக் கீழே. நாலாவது நாற்காலி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், பின்வீட்டுக்கும் இவர்களுக்கும் பொதுவான குட்டைச் சுவரின் ஓரத்தில் உட்கார்ந்தது.

"இது என்ன, கோபிச்சுக்கிட்டவங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில?" என்று கேட்டாள்.

"காத்து வரும்."

"நாலு எடத்துலயும் நாலு காத்தா வருது?"

அவர் திரும்பி வண்டிக்காரர்களுக்குக் கூலி எண்ணிக் கொடுத்தார். அதுதான் முதல் முள். வழக்கமாக அவர் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவள் நான்கையும் இழுத்துக்கொண்டு வந்து பின்பக்கக் கல் தரையில் வட்டமாகப் போட்டாள். தேக்கு கனம் தெரியுமல்லவா, இடுப்பு கழன்றுவிட்டது. சாயங்காலம் அவர் வந்தார். பார்த்தார். நேரே உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் அவள் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், கேட்டருகே ஒன்று, குழாயடியில் ஒன்று என்று நான்கும் பழையபடி போய் நிற்கின்றன.

தண்ணீர் கேன் போடுபவர் அப்போதுதான் காலிக் கேன்களோடு இறங்கிக்கொண்டிருந்தார். அவரை மடக்கினாள்.

"நாற்காலியை நகர்த்தினது நீங்களா?"

"ஆமாம்மா. ஐயாதான் போன் பண்ணிச் சொன்னாரு. அந்தந்த எடத்துலதான் இருக்கணுமாம். முன்ன பின்ன நகரக் கூடாதுன்னு கறாராச் சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னாரா?"

"நான் எங்கம்மா கேக்கறது? பெரியவங்க ஏதோ கணக்குப் போட்டுத்தான் வெச்சிருப்பாங்க."

அந்த 'ஏதோ கணக்கு' அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் ஓடி ஏறுகிற ஆள், நாலு நாற்காலியை நகர்த்தக் கூலிக்கு ஆள் பிடிப்பானேன்? தான் செய்தால் தெரிந்துவிடும் என்று வேறொருவர் கையை வைத்திருக்கிறார். அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

தங்கை தினமும் மத்தியானம் போன் செய்வாள். அவளிடம் விஷயத்தைப் போட்டதுதான் தாமதம், அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது.

"அக்கா, அந்த நாலாவது நாற்காலி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"பின்வீட்டுப் பக்கம்."

"பின்வீட்டுல யாரு இருக்காங்க?"

தையல்காரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். பின்வீட்டுக்கு ஏழெட்டு மாதம் முன்புதான் ஒருத்தி குடிவந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கலாம், தனி ஆள். நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக வேலை. காலையில் லேட்டாகப் போவாள், மாலையில் லேட்டாக வருவாள். பார்த்தால் சிரிப்பாள், அதற்கு மேல் பேச்சில்லை.

"தனி ஆளா?" என்றாள் தங்கை. "சரிதான்."

"என்னடி சரிதான்?"

"நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா மாமாகிட்ட வேற ஏதாவது மாற்றம் தெரியுதா பாரு. ஆம்பளைங்க ஒரு விஷயத்துல மாறினா நாலு விஷயத்துல மாறுவாங்க."

போனை வைத்த பிறகு அவள் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்க ஆரம்பித்தால் எதுதான் தெரியாது? ஒரே ஜோடி செருப்பைத் தேய்ந்து ஓட்டை விழும்வரை போடுகிறவர் புதிதாகத் தோல் செருப்பு வாங்கியிருந்தார். வாரெல்லாம் அகலமாக, மெத்தென்று. "பழசு கடிக்குது" என்றார். படுக்கையறையை விட்டுவிட்டு முன்னறைச் சோபாவுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். "புழுக்கமா இருக்கு" என்றார். விடிந்ததும் விடியாததுமாக எழுந்து பின்னால் போய் அந்த நாலாவது நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "காத்து" என்றார். எதைக் கேட்டாலும் காற்றின் தலையிலேயே பழியைப் போட்டார்.

சாப்பாட்டு விஷயம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தட்டில் போட்டதை வழித்துச் சாப்பிட்ட மனிதர், ஒருநாள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

"உப்பு ஜாஸ்தியா இருக்கு. இனிமே கொஞ்சம் குறைச்சே போடு."

"இத்தனை வருஷமா இதே கைதான், இதே உப்புதான்."

"அதான் சொல்றேன். குறைச்சுக்க."

யார் வீட்டுச் சாப்பாட்டின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டதோ என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை. அடுப்படியில் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

இன்னொன்றும் இருந்தது. மாலையில் அவர் வரும்போது கேட் கிறீச்சிடும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் அடங்குமுன் ஆள் வாசலில் நிற்பார். இப்போது கேட் சத்தம் கேட்டு, மாடியில் அவள் ஒரு திரையின் ஓரத்தை மடித்துத் தைத்து முடிக்கிற வரைக்கும் ஆளைக் காணோம். தையல் மிஷின் வெளிச்சத்துக்காகப் பின் ஜன்னலோரம் இருந்ததால் பாதை அவளுக்குத் தெரியாது. எழுந்து போய் எட்டிப் பார்த்தால் வேவு பார்த்ததாகிவிடும் என்று ரோஷம். வரட்டும் என்று மிஷினை மிதிப்பாள். கீழே உட்கார்ந்து யாரோடு போனில் பேசிவிட்டு வருகிறார்? இதற்குத்தானா கேட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி?

ஒருநாள் காலை அவள் மிஷினில் ஒரு பெரிய வீட்டு ஆர்டருக்காகத் தடித்த துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தாள். கீழே அவர் நாலாவது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நாற்காலியின் அகலமான கையின் மேல் அவர் கை மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் பின்வீட்டுக்காரி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள். சும்மா பிடித்துக்கொண்டு, ஏதோ பாட்டுக் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். பிறகு எழுந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, அவர் நெஞ்சின் மேல் குனிந்தாள்.

மிஷின் ஊசி படக்கென்று உடைந்தது. கால் மிதித்துக்கொண்டே இருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

மாடிப்படியை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்கதவைத் திறந்தபோது சுவரோரம் அவர் மட்டும்தான் இருந்தார். மேல்சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு வந்தது?"

"யாரும் வரலையே."

"பேச்சுக் குரல் கேட்டுச்சே."

"எனக்குத் தெரியாது. ரேடியோவா இருக்கும்" என்று மென்று விழுங்கினார்.

கண்ணால் பார்த்ததை அவள் முகத்துக்கு நேரே அவர் இல்லை என்கிறார். அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கத்தினால் இன்னொரு பொய் வரும், அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. உள்ளே போய்ப் புது ஊசி மாட்டினாள். நூல் கோக்க வரவில்லை.

அன்று மத்தியானம் தங்கை போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை. இதைச் சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. பதிலாக, துணி வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். அங்கேதான் ஒல்லியைப் பார்த்தாள். ஒல்லி, கிரேன்காரரோடு வேலை பார்க்கிறவன். பேருக்கேற்ற உடம்பு, வாய் மட்டும் பெரிது. வேலை நாளில் இவன் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்டாள்.

"இன்னிக்கு எனக்கு லீவு, அண்ணி. அண்ணன் எப்படி இருக்காரு, முட்டிவலி தேவலையா?"

"எந்த முட்டி?"

ஒல்லி சிரித்தான். "என்ன அண்ணி, இப்படிக் கேக்கறீங்க? முட்டிவலின்னு சொல்லித்தானே கிரேனை விட்டு எறங்கினாரு. ரெண்டு மாசமாக் கீழதான் நின்னு கிரேனுக்கு வழி சொல்லிக் கைகாட்டிக்கிட்டு இருக்காரு. அவர் எடத்துல மேல ஏறினதே நான்தான்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "வீட்டுல சொல்லலையா?"

"சொன்னாரு சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள் அவள். புருஷனை வெளியாள் முன் விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் மனசு வரவில்லை.

ஆனால் வழியெல்லாம் நெஞ்சு கொதித்தது. முந்தாநாள்கூடச் சாப்பிடும்போது சொன்னாரே, மேலேயிருந்து பார்த்தால் கடல் எப்படித் தகடு மாதிரி இருந்தது, எந்தக் கப்பலில் என்ன வந்தது என்றெல்லாம். ரசித்து ரசித்துச் சொன்னார். அத்தனையும் கட்டுக்கதை. இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறவர் எத்தனை நாளாகச் சொல்கிறாரோ. அவரைக் கேட்டுப் பயனில்லை. அவளைத்தான் கேட்க வேண்டும்.

கிளினிக் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. நீளமான ஒரு கூடம், சுவரோரம் பிளாஸ்டிக் இருக்கைகள், மருந்தும் ஈர ரோமமும் கலந்த வாடை. ஒரு கிழட்டு நாய், கூடைக்குள் முனகிய ஒரு பூனை, கழுத்தில் புனல் மாட்டிய இன்னொரு நாய். அவற்றின் நடுவே வெறுங்கையோடு தையல்காரம்மா போய் உட்கார்ந்தாள். புனல் மாட்டிய நாய் அவளையே பார்த்தது. உனக்கு என்ன கோளாறு என்று கேட்பது போலிருந்தது.

பின்வீட்டுக்காரி பச்சை மேலங்கியோடு வெளியே வந்து, அடுத்து யார் என்று பார்த்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள்.

"வாங்கக்கா. உங்க பிராணி எங்க?"

"என் பிராணி வேலைக்குப் போயிருக்கு. அதைப் பத்திதான் பேச வந்தேன்."

பக்கத்திலிருந்த பூனைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் அவளைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். கழுவிக் கவிழ்த்த கூண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"காலையில பாத்தேன்" என்றாள் தையல்காரம்மா. அவ்வளவுதான் சொல்ல வந்தது.

அவள் அழுவாள், இல்லாவிட்டால் மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். பின்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். மாட்டிக்கொண்டவள் முகமாகத் தெரியவில்லை. சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்தவள் மாதிரி இருந்தது.

"நல்லதாப் போச்சு. நானே வந்து சொல்லிடுவேன்னு அண்ணனை மெரட்டிக்கிட்டு இருக்கேன்."

"அண்ணனா?" என்றாள் இவள், பல்லைக் கடித்தபடி.

"அண்ணன்தான் அக்கா. நீங்க என்ன நெனச்சு வந்தீங்கன்னு எனக்குத் தெரியுது. அது இல்லை. ஆனா என்னன்னு சொல்ல மாட்டேன், சத்தியம் வாங்கி வெச்சிருக்காரு." சற்று யோசித்தாள். "ஒண்ணு செய்யுங்க. இன்னிக்குச் சாயங்காலம் அவர் கேட்டுலேர்ந்து வீடு வரைக்கும் நடந்து வர்றதை ஒளிஞ்சிருந்து பாருங்க. அவருக்குத் தெரியக் கூடாது. பாத்துட்டு என்ன கேக்கணுமோ அவரையே கேளுங்க. பாக்கறதுக்குத்தான் சத்தியம் இல்லையே."

"இது என்ன புதிர் போட்டு வெளையாடற நேரமா?"

"இல்லக்கா" என்றாள் பின்வீட்டுக்காரி. "நிஜமாவே நேரம் இல்லை. அதனாலதான் சொல்றேன்."

இவள் மேற்கொண்டு சண்டை போடாமல் கிளம்பினாள். அதற்காக நம்பிவிட்டாள் என்றில்லை. இருவருமாகச் சேர்ந்து ஜோடித்த நாடகமோ என்று வீடு வருகிற வரைக்கும் நினைத்துக்கொண்டேதான் வந்தாள்.

சாயங்காலம் மாடி முன்னறையில் திரையை விரல் அகலத்துக்கு விலக்கி நின்றாள். ரோஷத்தை மூட்டை கட்டி வைத்தாயிற்று. மிஷின் சத்தம் இல்லையென்றால் சந்தேகப்படுவாரே என்று ரேடியோவைப் பெரிதாக வைத்தாள்.

கேட் கிறீச்சிட்டது. அவர் உள்ளே வந்தார். கேட்டை மூடினார். போனை எடுப்பார் என்று பார்த்தாள். எடுக்கவில்லை. முதல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, வயசாளி மாதிரி, இறங்கி உட்கார்ந்தார். தெருவில் போன யாரோ கையாட்டினார்கள். சுகமாகக் காற்று வாங்குகிறவர் போல அவரும் கையாட்டினார். அவர்கள் போனதும் தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. மாடியிலிருந்து பார்க்கிறவளுக்கே தெரிகிற மாதிரி ஏறி இறங்கின.

வெகுநேரம் கழித்து எழுந்தார். நடந்தார். சின்னச் சரிவுதான், குழந்தைகள் பந்தயம் கட்டி ஓடுகிற தூரம்தான். வளைவு வருவதற்குள் குனிந்துவிட்டார். குழாயடி நாற்காலியில் உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். செருப்பைக் கழற்றினார். பாதங்கள் ஊறவைத்த கட்டை போல வீங்கியிருந்தன. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். மறுபடி எழுந்து வாசல் படியடி நாற்காலிக்கு வந்தார். அதில் உட்கார்ந்து மூச்சு அடங்கக் காத்திருந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். முகத்தைத் துடைத்து, இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டார், மேடை ஏறப் போகிறவர் போல. பிறகு எழுந்து, நிமிர்ந்து, படியேறிக் கதவைத் திறந்தார்.

"என்ன, ரேடியோவெல்லாம் தூள் பறக்குது!" என்று கணீரென்று கேட்டது அவர் குரல்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பாதையில் கிடந்த மூன்று நாற்காலியும் எதற்கென்று இப்போது விளங்கிவிட்டது. ஒரே மூச்சில் அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ, அவ்வளவு தூரத்துக்கு ஒன்று.

கீழே வந்தாள். அழக் கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"பொம்பளை விவகாரம்னு நெனச்சேன்" என்றாள். "அப்படி இருந்திருந்தா ரெண்டு அறை விட்டுட்டு மன்னிச்சிருப்பேன். இதுக்கு உங்களை என்ன செய்யறது?"

அவர் திருதிருவென்று முழித்தார். "எது?"

"மாடியிலேர்ந்து பாத்தேன். கேட்டுலேர்ந்து நீங்க வந்ததைப் பாத்தேன். கொழாயடியில விழுந்ததைப் பாத்தேன். இன்னும் ஒரு பொய் சொன்னீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

கிரேன்காரர் பக்கத்தில் கிடைத்த சோபா முனையில் உட்கார்ந்தார். இந்த முறை மறைக்க முயலவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குள்ள நடந்துதான் போனான். நெஞ்சைத் தொறந்து பாக்கறேன்னாங்க. அப்புறம் தூக்கிக்கிட்டுத்தானே வந்தோம்" என்றார். "டாக்டர்கிட்ட போனா எனக்கும் அதையே சொல்லுவான். வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவான். கிரேனை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவளுக்கு வேறொன்று உறைத்தது. குரல் கீழே போய்விட்டது. "இந்த மூச்சோட அவ்வளவு ஒசரம் ஏறினீங்களா? கீழ ஆளுங்க நிக்கறப்ப?"

"இல்ல." உடனே சொன்னார். "ஒருநாள் ஏணியில பாதியில நின்னுட்டேன். மேலயும் போக முடியலை, கீழயும் எறங்க முடியலை. கண்ணு இருட்டிச்சு. ஒல்லி கீழ நின்னுக்கிட்டு ஏதோ ஜோக் அடிக்கிறான். இந்த நெலமையில கொக்கியில சரக்கைத் தூக்கினா அவன் தலையில போட்டுடுவேன்னு தோணிச்சு. அன்னிக்கே முட்டிவலின்னு சொல்லி எறங்கிட்டேன். அதுக்கப்புறம் ஏறவே இல்ல."

"அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒருநாள் விடியக்காலம் பின்னாடி போய் நின்னேன், அதுக்குத்தான் அப்புறம் அங்கயும் ஒரு நாற்காலி. அப்ப துணி காயப்போட வந்தவ பாத்துட்டா. ஓடி வந்து, நாய்க்கு வைக்கிற கொழாயை எடுத்து நெஞ்சுல வெச்சுக் கேட்டா. உள்ள என்னமோ ரம்பம் இழுக்கற மாதிரி சத்தம் வருதாம். 'ஒரு நாய்க்கு இப்படிச் சத்தம் கேட்டா அதோட சொந்தக்காரரை நான் அப்பவே கூப்பிட்டுத் திட்டுவேன்'னு சொன்னா. உப்பைக் குறைங்கன்னவளும் அவதான். எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு..."

"நாளைக்குத்தான் போறோம்" என்றாள் அவள். "நீங்க வரலைன்னா அந்தத் தண்ணி கேன்காரரைக் கூப்பிட்டு உங்களையும் ஒரு நாற்காலியோட சேத்துத் தூக்கிக்கிட்டுப் போவேன்."

மறுநாள் போனார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வாசலில் கதவு கல்லாக இறுகிப்போயிருக்கிறது, பாதிகூடத் திறக்கவில்லை என்றார்கள். மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப் போடுகிற கட்டமெல்லாம் தாண்டியாயிற்று என்றார்கள். தையல்காரம்மா டாக்டரையும் நம்பவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரிடம் முதல் டாக்டர் சொன்னது எதையும் சொல்லாமல் காட்டினாள். அவரும் அதையே சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

அறுவைசிகிச்சைக்கு முந்தின நாள் மகள் வந்து சேர்ந்தாள். மறுநாள் காத்திருக்கிற கூடத்தில் இந்தப் பக்கம் மகளும் அந்தப் பக்கம் பின்வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தார்கள். பின்வீட்டுக்காரி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தையல்காரம்மா அவளிடம் அதிகம் பேசவில்லை. நன்றி இருந்தது. ஆனால் தனக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்பது மனசில் மீன்முள் போலக் குத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்து அந்தச் சத்தம் தன் காதில் விழவில்லையே. தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் அல்லவா அது ஓடிக்கொண்டிருந்தது!

"நீ கேட்ட சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று கடைசியில் கேட்டாள்.

பின்வீட்டுக்காரி நாக்கை மேலண்ணத்தில் வைத்து, ரம்பம் இழுப்பது போல மெதுவாகச் செய்து காட்டினாள். தையல்காரம்மா கேட்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கதவு திறந்து டாக்டர் வெளியே வருகிற வரைக்கும் விடவில்லை.

நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். அவர் சொன்ன பிறகும் கிரேன்காரர் கண் விழித்து, தாகமாக இருக்கிறது என்று சொல்கிற வரைக்கும் அவள் உட்காரவில்லை.

தேற ரொம்ப நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்த நாளில் மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே வந்தார், மகள் ஒரு பக்கம், ஒல்லி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள. போகப்போகக் கேட்டருகே உட்காராமலே வந்தார். அப்புறம் குழாயடியும் தேவைப்படவில்லை. கிரேன் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. மேலே ஏற அனுமதி கிடையாது, கீழே நின்று கைகாட்டுகிற வேலைதான் நிரந்தரம் என்று எழுதிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் நாலாவது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கடல் இன்றைக்கு எப்படி இருந்தது என்று அவளும் கேட்கவில்லை. மெல்ல அதுவும் பழகிப்போயிற்று. ஒல்லிக்கு மேலே ஏறத்தான் தெரியும், சரக்கை இறக்கத் தெரியாது என்று தினமும் குறை சொல்கிற அளவுக்குத் தேறினார்.

தேறாதது தையல்காரம்மாதான். தேவலை என்று அவர் சொன்னால் முகத்தை உற்றுப் பார்த்தாள். தும்மினால் மிஷினை நிறுத்தினாள். இந்த மனிதரின் வாயை நம்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டிருந்தாள். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நானும் கூட வருகிறேன் என்று கிளம்பினாள்.

"நீ கூட வந்தா நோயாளியை நடத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. நான் தனியாப் போயிட்டு வர்றேன்."

"சரி, போங்க" என்றாள்.

அவர் கேட்டைத் தாண்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். கடைத்தெரு வரைக்கும் நல்ல இடைவெளி விட்டே போனாள். அவர் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். நின்றால், நிறுத்தியிருந்த ஒரு வேனின் மறைவில் நின்று தோள் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பெரிய சாலையை அவர் கடந்ததும் சிக்னல் சிவப்புக்கு மாறியது. பஸ்ஸும் லாரியுமாகக் குறுக்கே ஓட, அவள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். எட்டி எட்டிப் பார்த்தும் ஆள் தெரியவில்லை.

ஒரு லாரி நகர்ந்ததும் தெரிந்தார். எதிர்ப்பக்கம், குழந்தைகள் சைக்கிள் விற்கிற ஒரு கடை வாசலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சிவப்புச் சைக்கிளை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வந்து ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டினார். மூச்சு சீராகத்தான் இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பச்சை விழுந்தது. அவள் அவசர அவசரமாகச் சாலையைக் கடந்து ஒரு மரத்துக்குப் பின்னால் வந்து நின்ற பிறகுதான், கிரேன்காரர் சைக்கிளை விட்டுவிட்டு மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.